விலகல் கடிதத்தை வாங்க மறுக்கிறார்கள், நோட்டீஸ் கணக்கு என்றிலிருந்து?

கோத்தகிரி செவிலி:
கோத்தகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆகஸ்டில் ஐந்து ஆண்டு முடியும். நியமன ஆணைப்படி ஒரு மாத நோட்டீஸ். ஜூலை 6 அன்று கோவையில் புது வேலையில் சேர வேண்டும். மே 28 அன்று கடிதத்தை நீட்டினேன். மேட்ரன் படித்துவிட்டு, "நைட் ரோஸ்டர் போட்டாயிற்று. ஆள் கிடைக்கட்டும், பிறகு கொடு" என்று என் கையிலேயே திணித்துவிட்டார். நான்கு நாளாகக் கைப்பையில் மடங்கிக் கிடக்கிறது. என் அசல் சான்றிதழ்களும் அலுவலகப் பீரோவில் இருக்கின்றன. 28ஆம் தேதி சொன்னது கணக்கில் வருமா?

குன்னூர் அக்கா:
அதை நம்பாதே தங்கச்சி. கடிதம் அவர்களைச் சேர்ந்ததற்குச் சான்று இருக்கும் நாளையே கணக்கில் வை. இன்றே இரண்டு படி எடுத்து அலுவலகத்தில் கொடு. உன் படியில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. மறுத்தால் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பு, மின்னஞ்சலும் போடு. கடைசி வேலைநாளைத் தேதியாகவே எழுது. "விரைவில்" என்று எழுதினால் இழுத்தடிப்பார்கள்.

மேட்ரன் மீதும் முழுக் கோபம் கொள்ளாதே. இந்தக் குளிருக்கும் வாடகைக்கும் கீழேயிருந்து யார் மலையேறி வருகிறார்கள்?

கூடலூர் தம்பி:
எதற்கு இத்தனை பாடு? சம்பளம் வந்த மறுநாள் பஸ் ஏறிவிடுங்கள்.

குன்னூர் அக்கா:
அனுபவச் சான்றிதழை நீ எழுதித் தருவாயா தம்பி? இரவில் வார்டில் ஒருத்தி இல்லையென்றால் மற்றவள் இரட்டை டூட்டி பார்ப்பாள். அப்படிப் பார்ப்பவள் அந்த மேட்ரன் இல்லை, தங்கச்சியின் தோழி.

ஊட்டி கணக்கர்:
பணிக்கொடையை (வேலையை விடும்போது நிர்வாகம் தரும் கிராஜுவிட்டித் தொகை) மறந்துவிட்டீர்களே! நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் வேலை செய்திருந்தால் உரிமை உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் சில நிர்வாகங்கள் முழு ஐந்து ஆண்டு கேட்டு மல்லுக்கு நிற்கும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 13,000 என்றால் 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 7,500. ஐந்து ஆண்டுக்கு 37,500 ரூபாய். கோவைக்காரர்கள் ஆகஸ்ட் வரை பொறுப்பார்களா, கேட்டுப் பாருங்கள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்பதும் அதே நீதிமன்றம் சொன்னதுதான். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

கோத்தகிரி செவிலி:
கடிதம் கொடுத்துவிட்டேன். முத்திரையில் ஜூன் 2 விழுந்திருக்கிறது. கோவையில் கேட்டேன், ஆகஸ்ட் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அதனால் கடைசி நாளை ஆகஸ்ட் 20 என்று எழுதினேன். மேட்ரன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

குன்னூர் அக்கா:
நல்லது. கடைசி நாள் மார்ஃபின் என்ற போதை வலிமருந்தின் ஆம்பூல்களை அடுத்த டூட்டிக்காரியை அருகில் வைத்துக்கொண்டு எண்ணு. பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு மருந்து அலமாரிச் சாவியைக் கொடு. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுக்காதே, எண்ணிக்கையை உன் டயரியில் குறித்துக்கொள்.