நடுநரம்பே இல்லாத இலை, நெடிய மரம்: எந்தக் குடும்பம்?

காட்டுத்தடம் (கேள்வி)

அகத்தியமலைத் தொடரில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள பசுமைமாறாக் காட்டில் மரக் கணக்கெடுப்பு செய்துகொண்டிருக்கிறோம். குலேனியா மரங்களுக்கு நடுவே ஒரு மரம் என்னைத் திணறடிக்கிறது. அடிமரம் நேராக, உருண்டையாக இருக்கிறது. பழுப்பு நிறப் பட்டை செதில் செதிலாக உரிகிறது. இலைகள் எதிரெதிரே அமைந்தவை, தோல்போல் தடித்தவை, நுனி கூரியவை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடுநரம்பே இல்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பூவும் இல்லை, காயும் இல்லை. கைபேசிச் செயலி ஒருமுறை மூங்கில் என்றது, மறுமுறை அகாதிஸ் என்ற ஊசியிலை மர இனம் என்றது. உடன் வந்த நண்பர் புன்னை இனம் என்று அடித்துச் சொல்கிறார். படிவத்தில் "அடையாளம் தெரியாதது" என்று எழுத மனம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பச்சைக்குடை

இணைப்போக்கு நரம்பு என்றால் ஒருவித்திலைத் தாவரம் அல்லவா? அந்தப் பக்கம் தேடிப் பாருங்கள்.

பழைய ஹெர்பேரியத்தான்

இணைப்போக்கு நரம்பைக் கண்டதும் ஒருவித்திலை என்று எழுதிவிடுவது பள்ளித் தேர்வுக்குச் சரி. காட்டில் அது எடுபடாது. கிளை பரப்பி, அடி பருத்து, பட்டை செதிலாக உரியும் பெருமரம் அந்த வகையில் நம் மலைகளில் எங்கே இருக்கிறது?

தம்பி, "நடுநரம்பே இல்லை" என்று எழுதினீர்களே, அதுவே முக்கால் விடை. உங்கள் நண்பர் சொன்ன புன்னையை முதலில் தள்ளிவிடுவோம். அதற்கும் எதிரிலை உண்டு, நெருக்கமான கோடுகளும் உண்டு. ஆனால் அந்தக் கோடுகள் தெளிவான ஒரு நடுநரம்பிலிருந்து கிளம்பி விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் ஓடுபவை. அதன் இளங்கிளையைக் கீறினால் பிசுபிசுப்பான பாலும் கசியும். நாவல் இனங்களுக்கும் எதிரிலைதான். அங்கேயும் நடுநரம்பு உண்டு, விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு வேறு இருக்கும். நீட்டம் (Gnetum) என்ற தாவர இனத்தை எவராவது சொல்லக்கூடும்; மேற்குத் தொடர்ச்சி மலையின் நீட்டம் கொடி, அதன் இலை நரம்பும் வலைப்பின்னல். அகாதிஸ் மட்டும் இலையளவில் உண்மையிலேயே நெருங்கி வருகிறது. ஆனால் அது இந்தியக் காடுகளில் தானாக வளர்வதில்லை, நட்டு வளர்த்ததுதான் உண்டு. செயலியை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எந்த மலையில் நிற்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருப்பது நாகேயா வாலிச்சியானா. பொடோகார்ப்பேசி குடும்பம். பைன், தேவதாரு ஆகியவற்றோடு ஊசியிலை மரக் கூட்டத்தில் சேர்ந்தது. இலைதான் ஊசியாக இல்லை. தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் இது ஒன்றே. நம் மலைகளை விட்டால் வடகிழக்கு இந்தியாவிலும், அங்கிருந்து கிழக்கே நியூகினி வரையிலும் இருக்கிறது.

பூ காய் இல்லாமலே உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. அந்த மரத்தடியில் தானாக விழுந்த காய்ந்த கிளையை எடுத்து, குறுக்கு வெட்டுமுகத்தைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவுங்கள். ஈரப்படுத்தி, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸில் பாருங்கள். புன்னையிலும் நாவலிலும் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் தெரியும். அவை நீர் கடத்தும் குழாய்கள். ஊசியிலை மரக்கட்டையில் அந்தக் குழாய்கள் கிடையாது, வெட்டுமுகம் துளையின்றி மழமழவென்று இருக்கும். விழுந்த கிளை அதே மரத்தினுடையதுதானா என்று பட்டையை ஒப்பிட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஆண் மரத்தின் கீழ் எத்தனை பருவம் காத்திருந்தாலும் விதை கிடைக்காது, சுற்றியுள்ள மரங்களின் அடியிலும் தேடுங்கள். உருண்டை விதை ஒன்று, அதற்குக் கீழே சதைப்பற்றோடு தடித்த காம்பு. அகாதிஸாக இருந்தால் செதில்கள் அடுக்கிய கூம்பு கிடைத்திருக்கும்.

காட்டுத்தடம்

நன்றி ஐயா. கிளையைச் சீவிப் பார்த்தேன். துளை ஒன்றுகூட இல்லை. அருகில் நிற்கும் நாவலின் கிளையையும் சீவி ஒப்பிட்டேன், வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. இப்போது வேறு தலைவலி. எங்களிடம் உள்ள ஒரு பழைய பட்டியலில் பொடோகார்ப்பஸ் வாலிச்சியானஸ், இன்னொன்றில் டெக்குசோகார்ப்பஸ் என்று இருக்கிறது. எதை எழுதுவது?

சூலகம்

மூன்றும் ஒரே மரம்தான். 1830இல் தாவரவியலாளர் வாலிச் இதற்கு பொடோகார்ப்பஸ் லாட்டிஃபோலியஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்க மரம் ஒன்றுக்கு முன்பே வைக்கப்பட்டிருந்ததால் செல்லவில்லை. பிறகு பிரெசல் என்பவர் வாலிச்சின் பெயரையே சிற்றினப் பெயராக்கினார். 1891இல் குன்ட்சே அதை நாகேயா பேரினத்துக்கு மாற்றினார், பலர் ஏற்கவில்லை. 1969இல் தெ லாபென்ஃபெல்ஸ் டெக்குசோகார்ப்பஸ் என்ற புதிய பேரினத்தை அமைத்தார். நாகேயா என்ற 1788ஆம் ஆண்டுப் பெயர் அதே கூட்டத்துக்கு ஏற்கெனவே இருந்ததால் புதுப்பெயர் விதிப்படி நிற்கவில்லை. 1992இல் நாகேயேசி என்று தனிக் குடும்பமே பிரித்துப் பார்த்தார்கள். மரபணு ஆய்வுகள் அதைப் பொடோகார்ப்பேசிக்குள்ளேயே வைக்கின்றன. ஆகவே நாகேயா வாலிச்சியானா என்றே எழுதுங்கள். பழைய பெயர்களை அடைப்புக்குறிக்குள் குறித்துவையுங்கள், பட்டியல்களை இணைக்கும்போது ஒரே மரம் மூன்றாகிவிடாது.

பழைய ஹெர்பேரியத்தான்

சூலகம் சொன்னது சரி. தம்பி, அடுத்த முறை உங்கள் கணக்கெடுப்பு அனுமதியில் மாதிரி சேகரிப்பும் அடங்குகிறதா என்று பாருங்கள். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி ஒரு சிறு கிளையும் ஒடிக்கக் கூடாது. அனுமதி இருந்தால் இலையோடு கூடிய கிளையை அழுத்தி உலர்த்தி, உயரம், இடம், பட்டையின் நிறம், ஆண் மரமா பெண் மரமா என்ற குறிப்போடு கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (BSI) ஹெர்பேரியத்தில், அதாவது உலர்தாவரத் தொகுப்பில், ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டை நிறத்தை மரத்தடியிலேயே எழுதிவிடுங்கள், உலர்ந்த மாதிரியில் அது இருக்காது.