சி டிரைவ் நிரம்பிவிட்டது: பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை டி-க்கு மாற்றுவது எப்படி?

தாமரைக்குளம்:

வணக்கம். லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி சி டிரைவாகவும், 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவாகவும் இருக்கின்றன. விண்டோஸ் 11. சி-யில் 11 ஜிபிதான் மிச்சம், அப்டேட்கூட இறங்க மறுக்கிறது. டி முக்கால்வாசி காலி. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் என் பெயரில் இருப்பது மட்டும் கிட்டத்தட்ட 140 ஜிபி: பிக்சர்ஸ் 62, டவுன்லோட்ஸ் 38, ஆப்டேட்டா (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஃபோல்டர்) 31, டெஸ்க்டாப் 9. டாக்குமெண்ட்ஸில் அதிகம் இல்லை.

என் பெயரில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்துவிடலாமா? ஆப்டேட்டாவும் போக வேண்டுமா? செட்டிங்ஸில் 'புதிய கோப்புகளை எங்கே சேமிப்பது' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் டி என்று மாற்றியும் சி-யில் இடம் கூடவில்லை. ஒன்டிரைவ் வேறு 'இடம் நிறைந்துவிட்டது' என்று தினமும் சொல்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வட்டுக்காரர்:

முழு ஃபோல்டரையும் கட், பேஸ்ட் செய்யவே கூடாது. அதற்குள் உங்கள் கணக்கின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்பு (என்டியூசர்.டாட்) இருக்கிறது. நீங்கள் லாகின் செய்திருக்கும் வரை விண்டோஸ் அதைத் திறந்தே வைத்திருக்கும். பாதி நகர்ந்து பாதி சி-யிலேயே நின்றால் அடுத்த லாகினில் உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இல்லாத தற்காலிக புரொஃபைல்தான் கிடைக்கும். யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிரைவுக்குத் திருப்ப இன்ஸ்டால் நேரத்தில் ஒரு வழி உண்டு, ஆனால் அப்படிச் செய்த கணினியில் விண்டோஸின் பெரிய அப்கிரேடு நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் பார்த்த செட்டிங்ஸ் பக்கம் இனி வரப்போகும் கோப்புகளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே இருப்பதை அது தொடாது. அதனால்தான் இடம் கூடவில்லை.

சரியான வழி 'லொகேஷன்' டேப். பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் திறந்தால் இந்த டேப் இருக்கும். அது இருக்கும் ஃபோல்டரை மட்டும்தான் இப்படி மாற்றலாம். ஆப்டேட்டாவுக்கு அது கிடையாது, ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

'மூவ்' பொத்தானை அழுத்தினால் விண்டோஸே கோப்புகளை நகர்த்தித் தரும். ஆனாலும் 62 ஜிபியை அதன் கையில் விட வேண்டாம் என்பது என் கருத்து. நடுவில் ஒரு கோப்பு வேறு நிரலில் திறந்திருந்தாலோ, பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலோ நகர்வு நின்றுவிடும். பாதி இங்கும் பாதி அங்கும் கிடக்கும், எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முதலில் நகல், பிறகு இடமாற்றம், கடைசியில்தான் அழிப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

டி-யில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர்கள் உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, சில பழைய நிரல்கள் தமிழ்ப் பெயருள்ள பாதையைத் திறக்காது. இரண்டு ஃபோல்டர்களை ஒரே இடத்துக்குக் காட்டக் கூடாது, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிரிப்பது பெரும்பாடு. டி என்ற டிரைவையே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம். எப்போதும் ஒரு ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும்.

நகலெடுக்க ரோபோகாப்பி இருக்கிறது, கமாண்ட் பிராம்ப்டில் தட்டச்சும் கட்டளை, விண்டோஸோடு வருவதுதான். அதோடு சேர்க்கும் தெரிவுகளுக்கு சுவிட்ச் என்று பெயர். இ சுவிட்ச் உள் ஃபோல்டர்களையும் எடுக்கும். எக்ஸ்ஜே சுவிட்ச் கட்டாயம்: உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் பழைய நிரல்களுக்காக மறைவான ஜங்ஷன்கள் (திறந்தால் வேறொரு ஃபோல்டருக்குக் கொண்டுபோகும் இணைப்புகள்) பல இருக்கின்றன, அவற்றில் சில தன்னையே சுட்டும். எக்ஸ்ஜே இல்லாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக முடிவில்லாமல் நகலெடுத்துக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. ஆர், டபிள்யூ இரண்டையும் 1 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் திறக்க முடியாத ஒரே கோப்புக்காக 30 நொடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும், பார்ப்பவருக்குக் கணினி உறைந்தது போலிருக்கும். டிகாப்பி (DCOPY) சுவிட்சில் டி (T) சேர்த்தால் ஃபோல்டர்களின் தேதியும் மாறாது. (சுவிட்சுகளை ஆங்கில எழுத்தில், முன்னால் சாய்கோட்டோடு தட்டச்ச வேண்டும்.) முடிந்ததும் கீழே வரும் அட்டவணையில் 'ஃபெயில்டு' என்ற நெடுவரிசையில் எல்லாம் பூஜ்யமா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதினால் 62 ஜிபிக்குப் பத்துப் பதினோரு நிமிடம். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும்.

அடுத்து லொகேஷன் டேப், மூவ், டி-யில் அந்தந்த ஃபோல்டர், அப்ளை. 'பழைய இடத்திலுள்ள கோப்புகளையும் நகர்த்தவா?' என்று கேட்கும். நகல் ஏற்கெனவே அங்கே இருப்பதால் 'நோ'. இப்போது பிக்சர்ஸைத் திறந்தால் டி-யில் உள்ளவை தெரியும். ஒரு வாரம் புழங்கிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் சி-யில் உள்ள பழைய கோப்புகளை அழியுங்கள். பிக்சர்ஸும் டவுன்லோட்ஸும் போனாலே 100 ஜிபி விடுபடும்.

டெஸ்க்டாப்பை சி-யிலேயே விடுங்கள். டி ஹார்ட் டிஸ்க் என்பதால், சும்மா இருக்கும்போது மின்சிக்கன அமைப்பு அதைத் தூங்க வைத்துவிடும். அது எழுந்து சுழலும் வரை டெஸ்க்டாப் ஐகான்கள் காத்திருக்கும். அந்த 9 ஜிபி கோப்புகளை டாக்குமெண்ட்ஸுக்குள் போட்டுவிட்டு, ஷார்ட்கட் மட்டும் வையுங்கள்.

மேகவாசி:

வட்டுக்காரர் சொன்ன எதையும் தொடங்கும் முன் ஒன்டிரைவைத் தீர்க்க வேண்டும். லொகேஷன் டேப்பில் இப்போது எந்தப் பாதை தெரிகிறது என்று பாருங்கள். நடுவில் ஒன்டிரைவ் என்ற பெயர் வந்தால், அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் ஏற்கெனவே தன் வசம் எடுத்துக்கொண்டது என்று பொருள். நீங்கள் டி-க்கு மாற்ற, அது திரும்பத் தன் பக்கம் இழுக்கும்.

இலவசக் கணக்கில் 5 ஜிபிதான் இடம். 62 ஜிபி படத்தை அதில் ஏற்ற முயன்றதால்தான் தினமும் அந்த அறிவிப்பு.

டாஸ்க்பாரில் மேகச் சின்னம், செட்டிங்ஸ், 'சிங்க் அண்ட் பேக்கப்', 'மேனேஜ் பேக்கப்'. அங்கே ஒவ்வொரு ஃபோல்டரையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் பிக்சர்ஸ் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். படங்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் பிக்சர்ஸில் அப்படியே இருக்கும். நகலெடுக்க வேண்டியது அங்கிருந்துதான்.

இன்னொன்று முக்கியம். கோப்பின் பக்கத்தில் நீல மேகச் சின்னம் இருந்தால் அது கணினியிலேயே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. நகலெடுக்கும் முன் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் பச்சை டிக் ஆகும் வரை பொறுங்கள். இறக்குவதற்கு சி-யில் இடம் வேண்டும், உங்களிடம் 11 ஜிபிதான் இருப்பதால் ஒவ்வொரு உள் ஃபோல்டராகச் செய்வதே சரி.

ஒன்டிரைவில் பணம் கட்டி 100 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி எளிது. கணக்கில் 'அன்லிங்க் திஸ் பிசி' கொடுத்து, ஒன்டிரைவ் ஃபோல்டரையே டி-க்கு நகர்த்திவிட்டு, மறுபடி சைன் இன் செய்யும்போது 'சேஞ்ச் லொகேஷன்' அழுத்தி டி-யைக் காட்டினால் போதும்.

தாமரைக்குளம்:

இருவருக்கும் மிக்க நன்றி. பாதையில் ஒன்டிரைவ் வருகிறது, முதலில் அதை நிறுத்துகிறேன். ஆப்டேட்டாவைத் தொட வேண்டாம் என்றீர்கள் வட்டுக்காரர் ஐயா, ஆனால் அதற்குள் மொபைல்சிங்க் என்ற ஃபோல்டர் மட்டும் 19 ஜிபி இருக்கிறது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? அவுட்லுக், டேலி, லைட்ரூம் மூன்றும் இந்தக் கணினியில் உண்டு. அவை புதிய இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுமா?

வட்டுக்காரர்:

மொபைல்சிங்க் என்பது ஐட்யூன்ஸ் எடுத்த ஐபோன் பேக்கப். ஐட்யூன்ஸில் இடம் மாற்றும் வசதி இல்லை, எனவே ஜங்ஷன்தான் வழி. ஆப்டேட்டாவில் ஒரே ஒரு ஃபோல்டருக்கு இதைச் செய்வதில் தவறில்லை, ஆப்டேட்டா முழுவதற்கும் செய்தால்தான் ஸ்டோர் ஆப்கள் திறக்க மறுக்கும்.

ஐட்யூன்ஸை மூடுங்கள். மொபைல்சிங்க்குக்குள் இருக்கும் பேக்கப் ஃபோல்டரை டி-க்கு நகலெடுங்கள். சி-யில் உள்ளதன் பெயரின் பின்னால் ஓல்டு என்று சேர்த்து மாற்றுங்கள், அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால் ஜங்ஷன் உருவாகாது. பிறகு கமாண்ட் பிராம்ப்டில் எம்கேலிங்க், ஜே சுவிட்ச், முதலில் சி-யில் இருந்த பழைய பாதை, அடுத்து டி-யில் புதிய பாதை, இரண்டும் மேற்கோள் குறிக்குள். வரிசை மாறினால் வேலை செய்யாது. பவர்ஷெல்லில் தட்டச்சினால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று சொல்லும், எம்கேலிங்க் கமாண்ட் பிராம்ப்டுக்குள் மட்டுமே வாழ்வது. ஐட்யூன்ஸில் புதிதாக ஒரு பேக்கப் எடுத்து, டி-யில் தேதி புதுப்பிக்கப்பட்டதைப் பார்த்த பிறகே ஓல்டை அழியுங்கள்.

அவுட்லுக்: மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பு டாக்குமெண்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்பதற்குள் இருக்கும். டாக்குமெண்ட்ஸை மாற்றும் முன் அவுட்லுக்கை மூட வேண்டும். மாற்றிய பின் கோப்பைக் காணவில்லை என்று சொன்னால் புதிய இடத்தைக் காட்டிவிடுங்கள். ஓஎஸ்டி கோப்பு ஆப்டேட்டாவில் இருக்கும், அது சர்வரில் இருப்பதன் நகல்தான், அதை நகர்த்த வேண்டியதில்லை.

லைட்ரூம் கேட்டலாக் (படங்களின் பட்டியல் கோப்பு) ஒவ்வொரு படத்தின் முழுப் பாதையையும் நினைவில் வைத்திருக்கும். மாற்றியதும் ஃபோல்டர்களில் கேள்விக்குறி வரும். மேல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து டி-யைக் காட்டினால் உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேட்டலாக் கோப்பை மட்டும் எஸ்எஸ்டியிலேயே வைத்திருங்கள், வேகம் அதில்தான் இருக்கிறது.

டேலி பிரைமின் தரவு வழக்கமாக யூசர்ஸுக்குள் பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர்களை மாற்றுவது அதைப் பாதிக்காது.

எட்டுமணிஷிஃப்ட்:

இதே தலைப்பில் ஒரு சந்தேகம். அலுவலகக் கணினி ஒன்றில் யாரோ டாக்குமெண்ட்ஸை டி டிரைவுக்கே காட்டிவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரரில் டி-யின் பெயரே டாக்குமெண்ட்ஸ் என்று தெரிகிறது. 'ரீஸ்டோர் டீஃபால்ட்' அழுத்தினால் பிழைச் செய்தி. எப்படி மீட்பது?

வட்டுக்காரர்:

முதலில், 'கோப்புகளையும் நகர்த்தவா' என்று எங்கே கேட்டாலும் 'யெஸ்' கொடுக்காதீர்கள். இப்போது விண்டோஸுக்கு டி முழுவதும் டாக்குமெண்ட்ஸ்தான். முழு டிரைவையும் சி-க்குள் கொட்டப் பார்க்கும்.

ரெஜெடிட் (ரெஜிஸ்ட்ரி எடிட்டர்) திறந்து, கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், 'யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ்' வரை போங்கள். தொடும் முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அருகில் 'ஷெல் ஃபோல்டர்ஸ்' என்று இன்னொன்றும் இருக்கும், அதை மாற்ற வேண்டாம். டாக்குமெண்ட்ஸுக்கு அங்கே பெயர் 'பர்சனல்'. அதன் மதிப்பை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே யூசர்புரொஃபைல், சாய்கோடு, டாக்குமெண்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் மாற்றுங்கள். எஃப்42இஇ2டி3 என்று தொடங்கும் நீண்ட பெயரும் டி-யைக் காட்டினால் அதையும் அப்படியே மாற்ற வேண்டும். (டவுன்லோட்ஸ் இப்படி மாட்டியவர்களுக்கு: அதன் பெயர் 374டிஇ290 என்று தொடங்கும்.) சி-யில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் இல்லாவிட்டால் கையால் உருவாக்கி, சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

டி-யின் பெயர் அதற்குப் பிறகும் டாக்குமெண்ட்ஸ் என்றே தெரிந்தால், அந்த டிரைவின் மேல்மட்டத்தில் மறைந்திருக்கும் டெஸ்க்டாப்.ஐஎன்ஐ கோப்பை அழியுங்கள்.

கதவுத்தாழ்:

யாரும் சொல்லாத ஒன்று. தாமரைக்குளம், அந்த லேப்டாப்பை வீட்டில் வேறு கணக்கில் யாராவது பயன்படுத்துகிறார்களா? சி-யில் உங்கள் ஃபோல்டரை மற்ற சாதாரணக் கணக்குகள் திறக்க முடியாது. டி-யில் அந்தக் காவல் தானாக வராது. டிரைவு பொதுவாக எல்லாக் கணக்குகளுக்கும் எழுதும் உரிமையோடுதான் உருவாகிறது, அங்கே நகலாகும் கோப்பு அந்த உரிமையைத்தான் பெறும்.

டி-யில் உங்கள் பெயருள்ள ஃபோல்டர், புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்தி, இருக்கும் உரிமைகளை அப்படியே வைத்துக்கொள்ளும் முதல் தேர்வைக் கொடுங்கள். உங்கள் கணக்கு பட்டியலில் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். பிறகு யூசர்ஸ், ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் இரண்டையும் நீக்குங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், நீங்கள், இந்த மூன்றும் மிஞ்ச வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும் முன்பே செய்துவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமை மாறும் வரை காத்திருக்க வேண்டாம். டி எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் இந்த செக்யூரிட்டி டேப்பே வராது, என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்த பிறகுதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

டி-யை பிட்லாக்கரில் (டிரைவை மறைகுறியாக்கும் விண்டோஸ் வசதி) பூட்டியிருந்தால் 'ஆட்டோ அன்லாக்' போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் லாகின் ஆனதும் பிக்சர்ஸ் 'கிடைக்கவில்லை' என்றே வரும்.