கொன்றாரா, கொன்றாராமா? தொழிலதிபர் ஆவணப்படங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டப்பிங் மேசை:

பதினோரு வருஷமாக ஆங்கில ஆவணப்படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். சேனல் பெயர் வேண்டாம், இன்னும் சம்பள பாக்கி இருக்கிறது.

சில வருஷத்துக்கு முன்பு எடிசன், டெஸ்லா சண்டை பற்றி ஒரு பாகம் வந்தது. அதில் டாப்சி என்ற யானை. 1903 ஜனவரி 4, நியூயார்க்கின் கோனி தீவு, லூனா பார்க். சயனைடு வைத்த கேரட்டைத் தின்னக் கொடுத்து, 6,600 வோல்ட் மின்சாரத்தையும் பாய்ச்சிக் கொன்றார்கள். அதைப் படம் பிடித்தது எடிசனின் திரைப்படக் கம்பெனி. இதுவரை எல்லாம் நிஜம். தன் நேர்திசை மின்சாரத்துக்குப் போட்டியாக வந்த மாறுதிசை மின்சாரம் ஆபத்தானது என்று உலகத்துக்குக் காட்ட எடிசனே யானையைக் கொன்றார் என்பதுதான் கதை. ஆங்கிலக்காரன் தப்பித்துக்கொள்ள ஒரு ‘சொல்லப்படுகிறது’ போட்டிருந்தான். நானும் ‘கொன்றதாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதினேன்.

நாலு செகண்டுக்குள் முடிய வேண்டிய வரி ஐந்தரை செகண்டு போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர், “சார், ‘கொன்றார்’னு முடிங்க, நச்சுனு இருக்கும்” என்றார். “‘கொன்றாராம்’னு வைக்கலாமே, ஒரே ஒரு எழுத்துதான் கூடுது” என்று கெஞ்சிப் பார்த்தேன். “பாட்டி கதை மாதிரி இருக்கு சார்.” முடிந்தது. தமிழில் எடிசன் யானையைக் கொன்றுவிட்டார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அந்த மின்சாரச் சண்டை ஓய்ந்து பத்து வருஷம் கழித்துதான் யானை செத்திருக்கிறது. 1892-லேயே எடிசனின் கம்பெனி இணைப்பில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆகி, விளக்குத் தொழில் அவர் கையை விட்டுப் போய்விட்டது. யானைக்குக் கரண்ட் கொடுத்த புரூக்ளின் கம்பெனியின் பெயரில் மட்டும் எடிசன் ஒட்டிக்கொண்டிருந்தார். பார்க் முதலாளிகள் முதலில் யானையைத் தூக்கில் போட்டு, ஆளுக்கு 25 சென்ட் டிக்கெட் வசூலிக்க நினைத்தார்களாம். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் குறுக்கே வந்ததால்தான் மின்சாரம்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எடிசன் மேல் உண்மையான குற்றமே இருக்கிறது. 1888-ல் ஹரால்ட் பிரவுன் என்பவர் நாய், கன்று, குதிரையை எல்லாம் மாறுதிசை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று காட்டியது எடிசனின் வெஸ்ட் ஆரஞ்ச் ஆய்வுக்கூடத்தில்தான். ஆனால் அதற்கு ஓடும் படம் கிடையாது, யானைக்கு இருக்கிறது. அதனால் நிஜத்தை விட்டுவிட்டு யானையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரகடம் செகண்ட் ஷிப்ட்:

அண்ணே, நான் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பயிற்சி வகுப்பில் ஹென்றி ஃபோர்டு பற்றி ஒரு டிவி ஆவணப்படத்தைப் போட்டார்கள். 1914 ஜனவரியில் ஒரு நாள் சம்பளத்தை 5 டாலர் ஆக்கினார், தன் தொழிலாளியே தன் காரை வாங்க வேண்டும் என்ற பெரிய மனசு என்று பின்னணி இசையோடு சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த காண்ட்ராக்ட் பையன்கள் கூடக் கைதட்டினார்கள்.

அந்த மனசு எங்கிருந்து வந்தது என்பது படத்தில் இல்லை. அசெம்பிளி லைன் வந்த 1913-ல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். சுமார் 14,000 பேரை நிறுத்தி வைக்க அந்த வருஷம் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. புது ஆளைப் பழக்குகிற செலவு என்னவென்று என்னைக் கேளுங்கள்!

இன்னொன்று, அந்த 5 டாலர் முழுக்கச் சம்பளம் இல்லை. பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அது கிடைக்க வேண்டுமென்றால் கம்பெனியின் ‘சமூகவியல் துறை’ ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று. நம்ம அட்டெண்டன்ஸ் போனஸ் மாதிரிதான், ஆனால் அடுப்படி வரைக்கும் வரும். நான் எழுந்து இதைக் கேட்டேன். பயிற்சி கொடுத்தவர் கடிகாரத்தைப் பார்த்து, “சரி, லஞ்சுக்கு அப்புறம் பேசலாம்” என்றார். லஞ்சுக்கு அப்புறம் தீயணைப்பு வகுப்பு.

முத்துநகர் வாத்தியார்:

எனக்கு நடந்தது கேமராவுக்கு முன்னால். செப்டம்பர் 5, வ.உ.சி. பிறந்தநாள் நிகழ்ச்சிக்காக ஒரு டிவிக் குழு தூத்துக்குடிக்கு வந்தது. பள்ளி வேப்பமரத்தடியில் நிற்க வைத்து இருபது நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் கம்பெனியைப் பற்றியே பேசினேன். 1906-ல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி, மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டார். வ.உ.சி. உதவிச் செயலாளர். தனி ஆள் விட்ட கப்பல் இல்லை இது, ஊர் கூடி விட்டது என்று சொன்னேன். கப்பல் கம்பெனி நடத்துகிறவரே 1908-ல் கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் போய் நின்றதையும் சொன்னேன். எந்த நாட்டுத் தொழிலதிபர் படத்தில் இப்படி ஒரு ஆளைப் பார்க்க முடியும்?

ஒளிபரப்பானது பதினோரு செகண்டு. “அவர் ஒரு மாமனிதர்” என்று நான் சொன்ன இடம். மற்ற நேரமெல்லாம் சினிமாக் காட்சிகளையே அந்தக் காலத்துப் படம் போல ஓடவிட்டார்கள். மறுநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “சார், வ.உ.சி. நிஜத்திலேயும் சிவாஜி மாதிரியேதான் இருப்பாரா?” என்று கேட்டது.

ஜன்னல் சீட்டு:

மும்பையில் சுற்றுலா பஸ்ஸில் தாஜ் ஹோட்டல் கதை கேட்டேன். வாட்சன் ஹோட்டலில் இந்தியர் என்று ஜாம்ஷெட்ஜி டாட்டாவை உள்ளே விடவில்லை, அந்தக் கோபத்தில் 1903-ல் தாஜைத் திறந்தார் என்று. அந்தக் காலத்து ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிற கதை அது. கைடிடம் கேட்டால், “டிவியிலேயே போட்டாங்க சார்!” என்கிறார்.

ஓய்வு பெற்ற கேஷியர்:

எல்லோரும் டிவியைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஹோம்ஸ்டெட் என்ற அமெரிக்க ஊரின் பெயரே எனக்கு டிவியால்தான் தெரியும். 1892 ஜூலை 6, எஃகு முதலாளி கார்னகியின் உருக்காலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு எதிராகச் பிங்கர்டன் என்ற தனியார் காவல் கம்பெனியின் ஆட்கள் சுமார் 300 பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்த கதை. இரண்டு தரப்பிலும் செத்தார்கள். நிகழ்ச்சி பழியை எல்லாம் மேனேஜர் ஃபிரிக் தலையில் போட்டது. கார்னகி பாவம், ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார் என்று காட்டினார்கள். எனக்கு அங்கேதான் உதைத்தது. முப்பத்தாறு வருஷம் வங்கியில் இருந்தவன் நான், பெரிய முடிவு நடக்கிற வாரத்தில் மேலே இருக்கிறவர் எப்போதும் லீவில்தான் இருப்பார். மறுவாரம் நூலகத்துக்குப் போனேன். அவர் ஸ்காட்லாந்தில் இருந்தது உண்மை. ஃபிரிக்குக்குக் கடிதத்தில் ஆதரவு தெரிவித்ததும் உண்மை. டிவி பாதி சொல்லியிருக்காவிட்டால் மீதியைத் தேடியிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

டப்பிங் மேசை:

கேஷியர் சார், லீவு விஷயம் சரியான பாயிண்ட். உங்களைப் போல நூலகத்துக்குப் போகிறவர் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை. வாத்தியார் ஐயா, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

இப்போது மேசையில் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் பாகம் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங். மூன்று இடத்தில் ‘ஆம்’ வைத்திருக்கிறேன். ஒன்றாவது தப்பிக்கிறதா என்று வந்து சொல்கிறேன்.