எட்டுத் தந்தி பேஸ்: மேல் ஃபிரெட்களில் சுருதி நடுங்குகிறது, உதவி தேவை

ஞாயிறுபேஸ்:
வணக்கம். எட்டுத் தந்தி பேஸ் கிட்டாரில் புதிய தந்திகளை மாட்டிய நாளிலிருந்து, எங்கும் அழுத்தாமல் மீட்டினால் சுருதி சரியாக இருக்கிறது. கழுத்தின் குறுக்கே உள்ள ஃபிரெட் கம்பிகளில் மேலே ஏற ஏற ஒலி அலையலையாக நடுங்குகிறது. விரலால் வாசித்தால் மெல்லிய தந்தி கேட்பதே இல்லை. தந்திகளை உடல்பக்கம் தாங்கும் பிரிட்ஜை எப்படிச் சரிசெய்வது? ஞாயிறு காலை ஆராதனையில் வாசிக்க வேண்டும், அவசரம்.

தாழ்சுரம்:
தனித்தனியாக எட்டுத் தந்திகள் கொண்டு, கீழே எஃப் ஷார்ப் வரை இறங்கும் கருவியா? அந்தச் சுரம் ஏறத்தாழ 23 ஹெர்ட்ஸ் என்பதால், நடுக்கம் உங்கள் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துகூட வரலாம்.

பட்டறைமேசை:
இணை இணையாக வரும் நான்கு ஜோடிகள் என்றே நினைக்கிறேன்; ஜோடிக்கு ஒரு தடித்த தந்தி, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் ஒரு மெல்லிய தந்தி. மெல்லிய தந்தி என்று அவரே குறிப்பிடுகிறார். ஆனாலும் சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் அது உட்காரும் தனிச் சேடில் உள்ளதா, அல்லது ஒரு ஜோடிக்கு ஒன்றா? எல்லா ஜோடிகளிலும் நடுங்குகிறதா? சுருதி காட்டும் டியூனரில் பார்த்தால், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் மெல்லிய தந்தி சுருதிக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா?

எட்டுக்கட்டை:
தம்பி, கருவியின் அடிப்படையை அறிந்துகொண்ட பிறகு அதில் கை வைப்பது நல்லது. இதைப் பலமுறை விளக்கிவிட்டேன், மீண்டும் ஒருமுறை சொல்கிறேன். தடித்த தந்திக்குச் சேடில் சற்றுப் பின்னே இருக்க வேண்டும், மெல்லியதற்கு முன்னே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே சேடிலில் உட்கார வைத்தால் ஒன்றுக்கு நியாயம் செய்து மற்றொன்றுக்குத் துரோகம் செய்கிறீர்கள். எட்டுச் சேடில் கொண்ட பிரிட்ஜ் வாங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. விரலால் வாசிப்பதையும் விட்டுவிடுங்கள். இது பிக்குக்காக, அதாவது தந்தியை மீட்டும் சிறு வில்லைக்காக, பிறந்த கருவி.

மூன்றுவிரல்:
பிக்குக்காகப் பிறந்தது என்று யார் தீர்மானித்தார்கள்? சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் 1967-இல் எச்-8 பேஸைக் கொண்டுவந்தபோது அதனுடன் விதிமுறைப் புத்தகம் எதையும் சேர்த்து அனுப்பியதாகத் தெரியவில்லை. விரல் தரையின் பக்கத்திலிருந்து மேல்நோக்கி இழுப்பதால், ஜோடியில் கீழே இருக்கும் தந்தியைத்தான் முதலில் தொடும். மெல்லிய தந்தி மேற்புறம் இருந்தால் விரல் தடித்ததில் மோதியே நின்றுவிடுகிறது. கட்டைவிரலால் கீழ்நோக்கித் தட்டினாலோ, விரலை இரண்டு தந்திகளையும் கடந்து அடுத்த ஜோடியில் சாயவிட்டாலோ இரண்டும் ஒலிக்கும்.

எட்டுக்கட்டை:
இரண்டும் ஒலிக்கும், ஒன்றன்பின் ஒன்றாக. பிக்கில் அந்த இடைவெளி காதுக்கே தெரியாது. வேகமான பகுதியில் உங்கள் விரல் ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஒரே அளவில் தொடும் என்று உறுதி கூற முடியுமா?

மூன்றுவிரல்:
ஒரே அளவில் தொட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? எங்கே தடித்தது மட்டும் வேண்டும், எங்கே இரண்டும் வேண்டும் என்று வாசிப்பவரே முடிவு செய்ய இடம் தருவதுதான் விரலின் பலம். பிக் வைத்தால் முழுப் பாட்டுக்கும் ஒரே வண்ணம்.

தாழ்சுரம்:
அப்படியானால் தந்திகளின் வரிசையை மாற்றிவிட்டால் பிரச்சினை தீராதா?

பட்டறைமேசை:
கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டிலும் சேடிலிலும் உள்ள பள்ளங்கள் தந்தியின் தடிமனுக்கேற்ப அறுக்கப்பட்டவை. மெல்லியதைத் தடித்ததன் பள்ளத்தில் போட்டால் ஆழத்தில் போய் அமர்ந்து கரகரக்கும். தடித்தது மறுபள்ளத்தில் இறங்கவே இறங்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்யும் வேலை அல்ல அது. கேட்டவர் எங்கே?

ஞாயிறுபேஸ்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். இணைத் தந்திகள்தாம், மெல்லியது மேற்புறம், குட்டை அளவுக் கருவி, ஜோடிக்கு ஒரு சேடில். தடித்தவை அனைத்தும் சரி. டி, ஜி ஜோடிகளின் மெல்லிய தந்திகள் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 15 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே காட்டுகின்றன.

எட்டுக்கட்டை:
நான் சொன்னதுதான். பொதுச் சேடில்.

பட்டறைமேசை:
நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரானது, ஐயா. சேடில் தடித்த தந்திக்காகப் பின்னே வைக்கப்பட்டிருந்தால், மெல்லிய தந்திக்குத் தேவைக்கு மேல் நீளம் கிடைத்து அது சுருதிக்குக் கீழேதான் விழ வேண்டும். இவருக்கோ மேலே போகிறது. ஜி ஜோடியின் மெல்லிய தந்தி பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஒலிக்க வேண்டிய 392 ஹெர்ட்ஸில் 15 சென்ட் என்றால் நொடிக்கு மூன்று அலைகளுக்குச் சற்று மேல். அவர் கேட்கும் நடுக்கம் அதுவே. அந்த இரண்டு தந்திகளும் சேடிலுக்கு அருகே ஏதோ ஒரு காரணத்தால் விறைத்து, ஒலிக்கும் நீளம் குறைந்துபோயிருக்க வேண்டும். நண்பரே, மெல்லிய தந்திகளை எங்கே வாங்கினீர்கள்?

ஞாயிறுபேஸ்:
எட்டுத் தந்தி செட் கடையில் இல்லை. நான்கு தந்தி பேஸ் செட்டும், சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் செட்டும் வாங்கி, கிட்டாரின் ஈ, ஏ, டி, ஜி தந்திகளை மாட்டினேன். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பட்டறைமேசை:
அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. கிட்டார் தந்தியின் நுனிக் குண்டு பேஸ் தந்தியின் குண்டைவிடச் சிறியது. பேஸ் பிரிட்ஜின் துளைக்குள் அது இழுபட்டுச் சென்றுவிடும். அப்போது குண்டை ஒட்டிக் கம்பி முறுக்கப்பட்டிருக்கும் தடித்த பகுதி முன்னே நகர்ந்து சேடிலின் மேல் ஏறி அமரும். அந்த முறுக்கு வளையாது, அதிராது. டார்ச் அடித்துப் பாருங்கள்; முறுக்கு சேடிலைத் தாண்டி எட்டிப் பார்த்தால் நோய் அதுவே. பழைய பேஸ் தந்தியின் குண்டை வெட்டி எடுத்து, அதன் துளை வழியே கிட்டார் தந்தியைக் கோத்து மாட்டினால், சிறிய குண்டு பெரிய குண்டில் முட்டி நிற்கும், முறுக்கும் பின்வாங்கும். முதலில் சுருதியை நன்றாகத் தளர்த்திவிடுங்கள்.

எட்டுக்கட்டை:
இருந்தாலும் எட்டுச் சேடில் பிரிட்ஜ் நல்லதே.

மூன்றுவிரல்:
அதை யாரும் மறுக்கவில்லை. பிக் பற்றிய கேள்விக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

ஞாயிறுபேஸ்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜி தந்தியின் முறுக்கு சேடிலுக்கு வெளியே அரிசி நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. குண்டு கோத்தபின் நடுக்கம் போய்விட்டது; டி மட்டும் இப்போது 4 சென்ட் கீழே. ஆராதனை முடிந்தது. பிக்கில்தான் வாசித்தேன். நன்றி.