ராம்சஸ், ராமெசஸ், ராமெஸ்ஸஸ்: ஆங்கில வாக்கியத்தில் எதை எழுதுவது?

நாலாம்வரி:
ஒரே எகிப்திய அரசப் பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டு இருக்கிறது: ஆறெழுத்து ராம்சஸ், ஏழெழுத்து ராமெசஸ், எஸ் இரட்டித்த எட்டெழுத்து ராமெஸ்ஸஸ். பொது வாசகருக்கு எழுதினால் ஆறெழுத்தே போதும். எட்டெழுத்து வெறும் பண்டிதர் பிடிவாதம்.

பாப்பிரஸ்:
பிடிவாதமா? அரசப் பெயரைச் சுற்றி வரைந்த நீள்வட்டச் சட்டமான கார்ட்டூஷைப் பாருங்கள். சூரிய வட்டம் ‘ரா’. அடுத்து ‘மஸ்’ குறி. கடைசியில் இரண்டு ‘ஸ்’. 1822-ல் எகிப்திய எழுத்தை வாசித்தறிந்த ஷம்போலியனுக்குப் பிடி கொடுத்ததே அந்த இரண்டு ஸ்தான். எகிப்தியர் உயிரெழுத்தை எழுதவில்லை, சரி. ஆனால் கி.மு. 1259 வாக்கில் ஹிட்டைட் மன்னன் ஹத்துசிலியோடு இரண்டாம் ராமெஸ்ஸஸ் செய்த உடன்படிக்கையின் அக்காடிய மொழிப் படியில் ‘ரியமஷேஷ’ என்று இருக்கிறது. மகரத்துக்குப் பின் ஓர் உயிர் தெளிவாக ஒலிக்கிறது. ஆறெழுத்துக்காரர்கள் அதைத்தான் விழுங்குகிறீர்கள்.

நாலாம்வரி:
விழுங்கியது நாங்கள் இல்லை. கி.பி. 19-ல் ரோமானியத் தளபதி ஜெர்மானிகஸ் எகிப்தின் தீபஸ் நகருக்குப் போனதை எழுதும் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸே லத்தீனில் ‘ராம்சஸ்’ என்றுதான் தருகிறார். அங்கிருந்த முதிய பூசாரி படித்துச் சொன்ன கல்வெட்டு அது.

பாப்பிரஸ்:
மன்னன் செத்து 1,200 ஆண்டுக்கு மேல் கழித்துக் காதில் விழுந்த பெயர். அது இருக்கட்டும், உங்கள் கட்டுரையிலேயே முரண்பாடு வரும். அந்தக் காலத்துக்கான பெயரடை ‘ராமெஸைட்’. கோயில் ‘ராமெஸியம்’, தலைநகர் ‘பி-ராமெஸ்ஸே’. ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் எம்முக்குப் பின் இ எழுத்து, பிறகு இரட்டை எஸ். அரசன் பெயரில் மட்டும் இரண்டையும் வெட்டினால் ஒரே பத்தியில் இரண்டு குடும்பம்.

சிவப்புமை:
எழுத்துக்கூட்டை விட வாக்கியத்தில் தடுக்குவது உடைமைக்குறிதான். பெயர் எஸ்ஸில் முடிவதால், அப்பாஸ்டிராபி மட்டும் போடுவதா, இன்னொரு எஸ்ஸும் சேர்ப்பதா? ஏபி செய்தி நிறுவனத்தின் நடையில் அப்பாஸ்டிராபி மட்டும். பதிப்பாளர்களின் நடைக் கையேடான சிகாகோ கையேடு, ‘ஈஸ்’ ஒலியில் முடியும் பெயர்களுக்கு அப்பாஸ்டிராபி மட்டும் போதும் என்று தந்த விலக்கை 2010-ல் வந்த 16-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. அதன்படி எஸ்ஸும் வேண்டும். ஆனால் இந்தப் பெயரில் பதினொரு அரசர்கள் இருப்பதால் வரலாற்றுக் கட்டுரையில் பெரும்பாலும் ரோமன் எண் கூடவே வரும். அப்போது குறி எண்ணுக்குப் பின்னால் போகிறது: ‘ராமெஸ்ஸஸ் த செகண்ட்ஸ் ரெயின்’. பெயரில் கை வைக்கவே வேண்டாம். அடிக்கடி பார்க்கும் பிழை, பெயருக்கு அப்பாஸ்டிராபி போட்டுவிட்டு எண்ணை அதற்குப் பின் நிறுத்துவது. எண்ணுக்கு முன் காற்புள்ளியும் கூடாது. வேர்டில் அந்த இடைவெளியைக் கன்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ்பார் மூன்றையும் சேர்த்து அழுத்திப் போடுங்கள். இல்லாவிட்டால் எண் மட்டும் அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

நாலாம்வரி:
எண் சரி. அப்படியானால் எழுத்துக்கூட்டை ஏன் ஒன்றாக்கத் துடிக்கிறீர்கள்? கெய்ரோவில் இந்த அரசன் பெயர் கொண்ட சதுக்கமும் ரயில் நிலையமும் ஆங்கிலத்தில் ஆறெழுத்தில்தான் இருக்கின்றன.

சிவப்புமை:
ஊர்ப்பெயரை ஊர் வழக்கப்படி விட வேண்டும், அரசன் பெயரைக் கட்டுரையின் விதிப்படி. 2006-ல் சிலையைப் பெயர்த்த செய்தியை எழுதினால், எட்டெழுத்து அரசனின் சிலை ஆறெழுத்துச் சதுக்கத்திலிருந்து போனது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். அது பிழையல்ல. யாத்திராகமத்துப் பண்டசாலைப் பட்டணமும் அப்படித்தான். தமிழ் வேதாகமத்தில் ‘ராமசேஸ்’, கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் அங்கே ஒரு எழுத்துக்கூட்டு, ஆதியாகமத்தில் வேறொன்று. மேற்கோளைத் திருத்தாதீர்கள்.

பாப்பிரஸ்:
இன்னொன்று: எண் இல்லாமல் வெறும் பெயரைப் போட்டால் வாசகர் இரண்டாமவரையே நினைப்பார். மெதினெத் ஹபு கோயிலைப் பற்றிய பத்தியில் அது தப்பு, அங்கே மூன்றாமவர்.

நாலாம்வரி:
எண்ணை ஒப்புக்கொள்கிறேன். எழுத்துக்கூட்டில் இன்னும் ஆறெழுத்துதான். தரவுத்தளத்தில் தேடும்போது மட்டும் மூன்றையும் இடையே ‘ஆர்’ (அல்லது என்னும் ஆங்கிலச் சொல்) போட்டுத் தேடுங்கள், பழைய நூல்களில் ஏழெழுத்து நிறைய.