ஒலி ஒன்று, எழுத்து வேறு: ஆங்கிலச் சொற்களைக் குழப்பமின்றி எழுதுவது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் எதை எழுதுவது என்ற தயக்கம் அடிக்கடி வருகிறது. எழுதுபொருள்களும் ஸ்டேஷனரி, நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரி. கல்லூரி முதல்வர் பிரின்சிபல் என்றால், கொள்கையும் ஏறத்தாழ அப்படியே ஒலிக்கிறது. கணினியின் பிழைதிருத்தி பல வேளைகளில் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால்தான் பிழைதிருத்தி பேசாமல் இருந்துவிடுகிறது. பட்டியலை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்து மீண்டும் குழப்பும். ஒவ்வொரு சொல்லையும் அதன் உறவுச் சொல்லோடு படியுங்கள். எழுதுபொருள் விற்பவர் ஸ்டேஷனர். அச்சொல் ஈ, ஆர் என்று முடிவதால் அவர் விற்கும் பொருளிலும் ஈ வரும், நகராமல் நிற்பதற்கு ஏ வரும். இத்தனைக்கும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்களைப் போலன்றி, ஓரிடத்தில் கடை வைத்திருந்த புத்தக வணிகரையே இடைக்காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள்.

பிரின்சிபலுக்குத் தமிழே துணை. முதல்வர், முதன்மையான, வட்டிக்கு விட்ட முதல் என்று ‘முதல்’ பொருந்தும் இடங்களில் ஏ, எல் என்று முடியுங்கள். கொள்கை, நெறி என்றால் எல், ஈ.

மறுமொழி 2:
‘இட்ஸ்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில்தான் பிழை மிகுதி. ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படித்துப் பொருள் வந்தால் மட்டுமே அப்போஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே இடும் ஒற்றைக் குறி) போட வேண்டும். ‘அதனுடைய’ என்ற பொருளில் அது வராது. ‘யுவர்’, ‘யூ ஆர்’ குழப்பத்துக்கும் இதே சோதனை போதும்.

மறுமொழி 3:
இந்த எழுத்து வேறுபாடுகளில் பலவற்றுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இறைச்சியைக் குறிக்கும் மீட், சந்திப்பதைக் குறிக்கும் மீட் இரண்டும் முற்காலத்தில் வெவ்வேறாக ஒலித்தவை. வீரரைக் குறிக்கும் நைட்டின் தொடக்கத்தில் உள்ள கே எழுத்தையும் அன்று உச்சரித்தார்கள். வில்லியம் காக்ஸ்டன் என்ற அச்சாளர் 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது, ஒலியோ மாறிக்கொண்டே போனது. ஆகவே, ஒலியை நம்பி எழுதாமல், எழுத்தைப் பழைய ஒலியின் சுவடாகப் பார்த்தால் மனத்தில் நிற்கும்.

அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டுக்கும் மட்டும் இலக்கணம் பாருங்கள்: ஏ-யில் தொடங்குவது பெரும்பாலும் வினை (பாதித்தல்), ஈ-யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர் (விளைவு). ஒரு மாற்றத்தைக் கொண்டுவருதல் என்ற பொருளில் ஈ-யில் தொடங்குவதும் வினையாக வரும் என்பதால், ‘பெரும்பாலும்’ என்பதை விட்டுவிடாதீர்கள்.