சார்பையும் நேர்மாறையும் வைத்து இதயம் வரைந்த அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நேர்மாறு சார்பு நடத்தும்போது வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினால் வரைபடம் ஒய் = எக்ஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே பிரதிபலிக்கும் என்று. "அப்போ பாதி ஹார்ட் வரைஞ்சா மீதி தானா வந்துடுமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். பிப்ரவரி மாதம் வேறு, கூட இருந்ததுகள் ஒரே சிரிப்பு. எனக்குக் கேள்வி பிடித்துப்போனது. அன்றைக்கு நடத்த வேண்டியதை மூடி வைத்துவிட்டு இதிலேயே இறங்கிவிட்டோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது எக்ஸ் ஸ்கொயரும் ரூட் எக்ஸும். இரண்டும் 0-விலும் 1-லும் சந்திக்கும், நடுவில் கிடைப்பது ஒல்லியாக ஒரு இலை, அவ்வளவுதான். இன்னொரு பெண் ஈ-யின் அடுக்கு எக்ஸும் லாக் எக்ஸும் போடலாம் என்றாள். அது கோட்டுக்கு இரண்டு பக்கமும் விலகியே போகிற ஜோடி, கடைசிவரை தொடாது, காதலர் தினத்துக்குச் சரிப்படாது.

விஷயம் என்னவென்றால், ஒன்றுக்கொன்றான (ஒரு ஒய் மதிப்புக்கு ஒரே ஒரு எக்ஸ்தான்), தொடர்ச்சியான சார்பை எடுத்துக்கொண்டு எத்தனை தலைகீழாக நின்றாலும் இதயம் வராது. நமக்கு ஒய் = எக்ஸ் கோட்டின் மேல் இரண்டு புள்ளி வேண்டும், அடி நுனிக்கு ஒன்று, மேலே பள்ளத்துக்கு ஒன்று. இறங்கு சார்பு அந்தக் கோட்டை ஒரு இடத்துக்கு மேல் வெட்டாது. ஏறு சார்பு வெட்டும், ஆனால் அது கோட்டை ஒட்டியே முன்னால் போய்க்கொண்டிருக்கும், திரும்பிப் பார்க்காது. இதயத்தின் தோளோ பள்ளத்தைத் தாண்டி மேலே போய், வளைந்து, மறுபடி இறங்கி வந்தாக வேண்டும். அப்படி ஏறி இறங்குகிற சார்பைக் குறுக்கே போடும் ஒரு கிடைக்கோடு இரண்டு இடத்தில் வெட்டும், அதாவது கிடைமட்டக் கோட்டுச் சோதனையில் தோற்றுவிடும். பரீட்சையில் "நேர்மாறு இல்லை" என்று எழுதிவிட்டு நகர்கிறோமே, அதேதான் இங்கே வேலைக்கு ஆகிறது!

கடைசியில் நின்றது இது: ஒய் = 4எக்ஸ் − 3எக்ஸ்², எக்ஸ் 0 முதல் 1 வரை மட்டும். கூடவே இடம் மாற்றியது: எக்ஸ் = 4ஒய் − 3ஒய்², ஒய் 0 முதல் 1 வரை மட்டும். டெஸ்மாஸ் என்கிற வரைபட ஆப்பில் இப்படியே கொடுக்கலாம், எக்ஸ் = என்று ஆரம்பித்தாலும் வாங்கிக்கொள்ளும். (0,0)-ல் நுனி, (1,1)-ல் பள்ளம், ஒரு தோள் மேலே, ஒரு தோள் வலப்பக்கம். இதயம் 45 டிகிரி சாய்ந்துதான் இருக்கும், போனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லை கொடுக்காமல் முழுப் பரவளையத்தையும் விட்டால் இரண்டும் வேறு இடங்களிலும் குறுக்கே வெட்டிக்கொண்டு படம் குழம்பிவிடும்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லைடர், அதாவது ஒரு எண்ணை இழுத்து இழுத்து மாற்றுகிற பட்டை. 4-க்குப் பதில் சி, 3-க்குப் பதில் சி − 1 என்று போட்டு இழுத்துப் பாருங்கள். சி = 2 என்றால் இலை, மேல் முனையில் சரியாகச் செங்கோணம். 3-க்கு வந்தால் முனை மழுங்கி நீர்த்துளி ஆகிவிடும், ஏனென்றால் (1,1)-ல் சாய்வு 2 − சி, அது அப்போது −1, இரண்டு வளைவரைகளும் அங்கே ஒரே தொடுகோட்டில் சேர்ந்துவிடுகின்றன. 3-ஐத் தாண்டியதும் பள்ளம் விழ ஆரம்பிக்கும். 6, 7 என்று போனால் முயல் காது.

அப்புறம் நேர்மாறை "ஒய் =" என்றே எழுதித்தான் ஆக வேண்டும் என்று ஒருவன் பிடிவாதம் பிடித்தான். இருபடிச் சூத்திரம் போட்டால் ஒய் = (2 ± ரூட்(4 − 3எக்ஸ்)) / 3 என்று இரண்டு கிளை வரும். மைனஸ் கிளை நுனியிலிருந்து தோளின் ஓரம் வரை, பிளஸ் கிளை அங்கிருந்து பள்ளத்துக்கு, எக்ஸ் 1 முதல் 4/3 வரை. ± எதற்கு வருகிறது என்று நான் வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துவதை இந்தப் படம் சத்தமில்லாமல் சொல்லிவிட்டது.

*

சார், நிமிர்ந்த இதயம் வேண்டுமென்றால் காஸ் இன்வர்ஸ் (காஸ் சார்பின் நேர்மாறு) இருக்கிறதே. காலேஜில் ஒரு சீனியர் காட்டினார், எதிர்பார்த்த ஆளுக்கு அனுப்பியும் விட்டேன், பதில் வந்த கதை இங்கே வேண்டாம். மேலே ரூட்(1 − (|எக்ஸ்| − 1)²), அதாவது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அரைவட்டம். கீழே காஸ் இன்வர்ஸ்(1 − |எக்ஸ்|) − பை. எக்ஸ் −2 முதல் 2 வரை. இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் நெட்டுக்குத்தாகச் சேர்வதால் ஒட்டுப் போட்ட தடமே தெரியாது. அடி நுனி மட்டும் ஊசி மாதிரி கூராக இருக்கும், எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். ஆப் ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், டிகிரியில் இருந்தால் கீழ்ப்பாதி ஏறக்குறைய 177 உயரத்துக்குப் பறந்துவிடும். மொத்தப் பரப்பு 3பை, பரிசோதித்துப் பாருங்கள்.

*

நான் தையல் கடை வைத்திருக்கிறேன், கணக்கு பத்தாவதோடு போச்சு. குழந்தை கவுனில் வைத்துத் தைக்க ஹார்ட் பேட்ச் கேட்பார்கள், கையால் வரைந்தால் ஒரு தோள் பெரிது ஒரு தோள் சிறிது ஆகிவிடும். மேலே சார் போட்டதை என் பெண் கிராஃப் தாளில் 10 செ.மீ.யை ஒன்றாக வைத்துக் குறித்துக் கொடுத்தாள். குறுக்கே 1, 2, 3, 4, 5 செ.மீ.க்கு உயரம் 3.7, 6.8, 9.3, 11.2, 12.5; அடுத்து குறுக்கே 6, 7, 8, 9, 10-க்கு உயரம் 13.2, 13.3, 12.8, 11.7, 10. புள்ளிகளை இழைத்துச் சேர்த்து, மூலைக்கோட்டில் மடித்து வெட்டினோம். ஜாக்கெட் கழுத்தையே நாங்கள் துணியை இரண்டாக மடித்து ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டுவோம், அதனால் அந்த ஒய் = எக்ஸ் கோடு என்பது மடிப்புதான் என்று எனக்கு உடனே பிடிபட்டது. இதைப் பெரிதாக்கித் தலையணை உறையில் வைக்கலாமா, துணி எவ்வளவு பிடிக்கும்?

*

தாராளமாக வைக்கலாம் அக்கா. உங்கள் பேட்ச் சரியாக 100 சதுர செ.மீ. 10 செ.மீ.யை ஒன்றாக வைத்து 0 முதல் 1 வரை தொகையிட்டால், அதாவது வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பைக் கணக்கிட்டால் 1, அதில் கோட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோணம் அரை போக மீதி அரை, இரண்டு பக்கமும் சேர்த்து 1. பொதுவாகப் பரப்பு (சி − 1) / 3 என்று வரும். அதற்காக இரண்டு மடங்கு வேண்டுமென்று சி-யை 7 ஆக்கிவிடாதீர்கள், முயல் காதுதான் கிடைக்கும். 4-ஐ அப்படியே வைத்துக்கொண்டு 10 செ.மீ.க்குப் பதில் 20 எடுங்கள், 400 சதுர செ.மீ. வந்துவிடும், ஓரம் மடித்துத் தைக்க மட்டும் கூட விட்டுக்கொள்ளுங்கள்.